அந்த வக்கா கட்டுரை ஏன் திரும்பி வந்தது?

கேள்வி: அக்கா, நான் மதுரைதான். விலங்கியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் அடையும் வக்கா என்ற கொக்கினப் பறவைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நான்கு இடங்களுக்கு அனுப்பினேன். இரண்டு இடத்தில் பதிலே இல்லை. ஒருவர் ‘நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் செய்தி என்ன?’ என்று கேட்டார். இன்னொருவர் சும்மா தந்தால் போடுகிறேன் என்றார். வேலையை விட்டுவிட்டு நகரத்து உயிரினங்கள், சூழல் அறிவியல் என்று முழுநேரமாக எழுத ஆசை. சென்னையில் இல்லாமல் இது முடியுமா? ஆய்வாளர்கள் என் போனை எடுப்பார்களா? அப்புறம், மேலூர்ப் பக்கம் ஒரு குன்றில் தேவாங்கு இருப்பது எனக்குத் தெரியும், இதுவரை யாரும் எழுதவில்லை. அதையே முதல் பெரிய கட்டுரையாக எழுதட்டுமா? – பெயர் வேண்டாம்.

முதலில் வேலை விஷயத்தை முடித்துவிடலாம். இப்போதைக்கு விடாதீர்கள். நான் விட்டேன், விட்ட வருடம் தீபாவளிக்கு அம்மா எடுத்துத் தந்த சேலையைக் கட்டிக்கொண்டு, ‘இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கியா’ என்று கேட்ட சித்திகளுக்கெல்லாம் அதிரசம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு சனி ஞாயிறு இருக்கிறது, முழுப்பரீட்சை லீவு இருக்கிறது, பள்ளிக்குக் கிளம்பும் முன்னால் ஒரு மணி நேரம் இருக்கிறது. வக்காவுக்கும் அந்த நேரம்தான் தோது, விடியக்காலையில்தான் அது வீடு திரும்பும்.

கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த கண்மாயின் பெயரை நான்தான் எடுத்துவிட்டேன். இன்னும் எழுதி முடிக்காத ஸ்டோரி அது, இதைப் படித்துவிட்டு வேறு யாராவது நாளைக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது பாருங்கள்.

கூட அனுப்பியிருந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ‘மாலைச் சூரியன் கண்மாயில் தங்கத்தை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தான்’ என்று ஆரம்பித்து முதல் மூன்று பத்தியும் உருகிக்கொண்டே போகிறது. பதில் போடாத இரண்டு பேரும் அங்கேயே மூடியிருப்பார்கள். ஆறாவது பத்தியில், போகிற போக்கில், ஒரு வரி இருக்கிறது: நடைபாதையில் விளக்குப் போட்ட பிறகு கிழக்குக் கரையில் இருந்த கூட்டம் குறைந்து எதிர்க்கரைக்குப் போய்விட்டது, செயற்கை வெளிச்சம் பறவைகளை விரட்டுகிறது. ‘செய்தி என்ன?’ என்று அந்த எடிட்டர் கேட்டாரே, அதற்கான பதில் இந்த வரிதான். அதை ஆறாவது பத்தியில் புதைத்தும் வைத்திருக்கிறீர்கள், பாதியைத் தப்பாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

எது தப்பு என்று கேட்பீர்கள். வக்கா ராத்திரி இரை தேடும் பறவை. இருட்டுகிற நேரத்தில் ‘குவாக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கிளம்பினால் விடியும்போதுதான் மரத்துக்கு வரும், பகல் முழுக்கக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கும். அதாவது விளக்கு எரிகிற நேரத்தில் பெரும்பாலும் அது மரத்தில் இருப்பதே இல்லை. இல்லாத பறவையை விளக்கு எப்படி விரட்டும்? கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கிற காலம் என்றால் கதை வேறு, அப்போது ராத்திரியும் கூட்டில் பறவை இருக்கும், வெளிச்சம் தொந்தரவாக இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்த்தது எந்த மாதம் என்று கட்டுரையில் எங்குமே இல்லை.

இப்போது வேறு காரணங்களைப் பாருங்கள். விளக்குக் கம்பம் நட்டபோது கம்பியில் படாமல் இருக்கக் கிளைகளை வெட்டினார்களா? நடைபாதை வந்த பிறகு பகலில் ஆள் நடமாட்டம் கூடியதா? இத்தனை நாள் காலை ஏழு மணிக்கு வக்கா நிம்மதியாகத் தூங்கிய மரத்துக்கு அடியில் இப்போது நாற்பது பேர் கையைத் தட்டிக்கொண்டு நடக்கிறார்களா? அந்த வருடம் கிழக்குப் பக்கம் தண்ணீர் வற்றிப் போய் எதிர்க்கரையில்தான் மீன் கிடைத்ததா? நான்கில் எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிற வேலைதான் சூழல் செய்தி. கண்டுபிடிக்க முடியாவிட்டால் ‘இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம், இன்னது இல்லை’ என்று எழுதுவதும் நல்ல கட்டுரைதான், கையில் எண்ணிக்கை இருந்தால்.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன், உங்களைவிடப் பெரிதாக, அச்சிலேயே. பல வருடத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கு ஒரே ஒரு நாள் போனேன். உள்வாய் காய்ந்து கிடந்தது, ஆடுதான் மேய்ந்தது. வந்து உட்கார்ந்து ‘பருவநிலை மாற்றம்: பறவைகள் வரவில்லை’ என்று எழுதினேன், அரைப் பக்கத்துக்குப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து அந்த ஊர் நீர்ப்பாய்ச்சி, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிறவர், என் நம்பரை எங்கோ பிடித்துக் கூப்பிட்டார். “ஏம்மா, தண்ணியில்லாத கம்மாய்க்குக் கொக்கு என்ன சாமி கும்பிடவா வரும்? பெரியார் கால்வாய்ல இந்தத் தடவை லேட்டாத்தான் தொறந்துவிட்டாய்ங்க. அடுத்த கம்மாய்க்கு வந்து பாரு, மறுகால் பக்கம் வெள்ளை வெளேர்னு நிக்குது.” போய்ப் பார்த்தேன். நின்றன. சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை, நடுவில் நான்கைந்து கூழைக்கடா. என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. திருத்தம் போடச் சொல்லி நானே எடிட்டரிடம் கேட்டேன், ஒரு ஓரத்தில் போட்டார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் ஊரில் பறவையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் வரும் வழி தெரிய வேண்டும். வைகை அணைக்கு 71 அடி என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து வரும் தண்ணீர் பேரணையில் பிரிந்து பெரியார் பிரதானக் கால்வாயில் ஏறி மேலூர் வரைக்கும் போகிறது, எந்த மாதம் திறக்கிறார்கள், எத்தனை நாளைக்கு, எந்த வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கண்மாயில் மீன் பெருகும், எங்கே நாரை இறங்கும் என்பதெல்லாம். அதேபோல் கண்மாய் யாருடையது என்பதும் தெரிய வேண்டும். பொதுவாக ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம், நகரத்துக்குள் வந்துவிட்டால் மாநகராட்சியும் நடுவில் வரும். ஒரு கிளை வெட்டியதற்குப் பதில் சொல்ல வேண்டியது யார் என்று தெரியாமல் மூன்று ஆபீஸுக்கு அலைவீர்கள், மூன்றிலும் அடுத்த ஆபீஸைக் கைகாட்டுவார்கள்.

அலையாமல் இருக்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அது தங்கள் துறை இல்லை என்றால் 5 நாளுக்குள் உரிய துறைக்கு அவர்களே மாற்றிவிட வேண்டும், அந்த அலைச்சலைச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. ஒன்று மட்டும் கவனம்: ‘ஏன் வெட்டினீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ‘இன்ன தேதிக்கும் இன்ன தேதிக்கும் இடையில் இந்தக் கரையில் மரம், கிளை வெட்டக் கொடுத்த பணி ஆணையின் நகல், விளக்கு அமைத்த வேலையின் மதிப்பீட்டு நகல்’ என்று ஆவணமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பாதி நேரம் மேல்முறையீடு போட்ட பிறகுதான் கவர் வருகிறது.

அது வருகிற வரைக்கும் எண்ணுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே நேரம், நீங்கள் நிற்கிற இடமும் ஒன்றாகவே இருக்கட்டும். பள்ளிக்கூட நோட்டு போதும்: தேதி, மணி, மேகம், கிழக்குக் கரையில் எத்தனை, எதிர்க்கரையில் எத்தனை, நடக்கிறவர்கள் எத்தனை பேர். ஒன்றும் இல்லாத நாளிலும் சுழி போட்டு எழுதுங்கள், சுழியும் தகவல்தான். அதையே இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் பழைய பதிவோடு ஒப்பிட வசதி. ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நான்கு நாள் நடக்குமே, அந்தப் பட்டியல்களில் உங்கள் கண்மாய்க்குப் பழைய வருடத்துப் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் ஒருவர் அரை மணி நேரம் பார்த்த பட்டியலையும் இன்னொருவர் மூன்று மணி நேரம் பார்த்த பட்டியலையும் பக்கத்தில் வைத்து ‘குறைந்துவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். டீக்கடைக்காரர், தூண்டில் போடுகிற தாத்தா, கண்மாயில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்தவர், தினமும் நடக்க வருகிற ரிட்டயர்டு ஆட்கள், இவர்களிடம் கிளை வெட்டின மாதத்தைக் கேளுங்கள். மாதம் நினைவில் இருக்காது, ‘சித்திரைத் திருவிழாவுக்கு முந்தி’ என்பார்கள். அதுவே போதும், அழகர் ஆற்றில் இறங்கிய தேதி நமக்குத் தெரியுமே.

நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வரும் சில வரிகளை நீங்கள் எழுதாமல் இருந்தாலே பாதிப் பேரைத் தாண்டிவிடுவீர்கள். கண்மாயில் நாரை நின்றால் உடனே ‘சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும்’ என்று போட்டுவிடுகிறார்கள். சங்குவளை நாரையும் நத்தைகுத்தியும் கூழைக்கடாவும் நம் நாட்டிலேயே முட்டையிட்டு வளர்ந்து, தண்ணீருக்காக இங்கேயே இடம் மாறுகிறவை. வடக்கே தூரத்திலிருந்து வருவது ஊசிவால் வாத்து மாதிரி ஆட்கள். அடுத்தது, செல்போன் கோபுரம் சிட்டுக்குருவியைக் கொல்கிறது என்பது. 2020-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. கோபுரம்தான் காரணம் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. ஆனாலும் உலகச் சிட்டுக்குருவி தினமான மார்ச் 20 வந்தால் அந்தக் கோபுரம் எழுந்து நின்றுவிடும். மூன்றாவது, சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பறவைக்காக வெடி வெடிக்காத அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டியைப் பற்றி வருடா வருடம் தீபாவளிக்கு அதே கட்டுரை வருகிறது. அருமையான மனிதர்கள், சந்தேகமே இல்லை, நானே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். இரண்டு தடவையும் அந்த வருடம் கண்மாயில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை கூடு என்று கேட்காமல் வந்துவிட்டேன். நீங்கள் போனால் கேளுங்கள்.

சென்னைக்கு வருவோம், அதாவது போக வேண்டாம் என்பதற்கு வருவோம். அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். லக்கர் வல்லூறு உட்பட ஏறக்குறைய 250 பறவை இனங்கள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள் என்று அரசே சொன்னது. இரண்டு வருடம் கழித்து 2024 நவம்பரில் அதையும் உள்ளே வைத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வெளியே வந்தது, டிசம்பர் 9-ல் அதை எதிர்த்துச் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. அந்த மூன்று மாதமும் வெளியூர் நிருபர்கள் வேன் வேனாக வந்தார்கள். வந்தவர்கள் கூட்டத்தையும் கோஷத்தையும் எழுதினார்கள், அதுவும் தேவைதான். ஆனால் எந்தப் பாறை இடுக்கில் வல்லூறு உட்காரும், எந்த ஊற்றுத் தண்ணீர் எந்தக் கண்மாய்க்கு இறங்குகிறது, எந்த வயலுக்குப் பாய்கிறது என்று எழுத, முன்னாலேயே அங்கே நடந்து தேய்ந்த செருப்பு வேண்டியிருந்தது. அது சென்னையில் கிடைக்காது. டெல்லியிலும்.

ஆய்வாளர்கள் போனை எடுப்பார்களா? எடுப்பார்கள், முதலில் மெயில் போட்டால். அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று முதல் வரியிலேயே தெரிய வேண்டும். ‘சார், பறவைகள் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்க’ என்றால் ரெண்டே வார்த்தைதான் கிடைக்கும். எத்தனை நாள் பார்த்தீர்கள், எத்தனை இடம், எண்ணியது யார், பணம் யார் தந்தது, சக ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளியானதா இல்லையா, உங்கள் முடிவை ஒத்துக்கொள்ளாதவர் யார் – இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே இரண்டு பெயர் சொல்வார்கள், அவர்களுக்கும் போன் போடுங்கள். கோவைப் பக்கம் ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரில் பறவையியல் மையம் இருக்கிறது, சரி. ஆனால் அதற்கு முன்னால் நம் காமராசர் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்கன் கல்லூரியிலும் லேடி டோக்கிலும் ஏறி இறங்குங்கள். துறை அலமாரிகளில் மாணவர்கள் செய்த ஆய்வேடுகள் தூசி படிந்து கிடக்கும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பிள்ளை உங்கள் கண்மாயிலேயே தண்ணீர் எடுத்துச் சோதித்திருந்தால் உங்களுக்கு லாட்டரி. கட்டுரை முடிந்ததும் முழுவதையும் ஆய்வாளரிடம் காட்டாதீர்கள், அது வழக்கமும் இல்லை. அவர் சொன்னதாக நீங்கள் எழுதிய வரிகளையும் எண்களையும் மட்டும் போனில் படித்துக்காட்டிச் சரிபாருங்கள்.

இப்போது தேவாங்கு. இடத்தை எழுதாதீர்கள். குன்றின் பெயர், ஊர்ப் பெயர், மேலே இருக்கிற கோயில் பெயர், ‘மேலூரிலிருந்து இத்தனை கிலோமீட்டர்’, எதுவும் வேண்டாம். யாரும் எழுதவில்லை என்கிறீர்களே, அங்கே இருக்கிற ஊர்க்காரர்களுக்குத் தெரியாமலா இருக்கும், தெரிந்துதான் சும்மா இருக்கிறார்கள். தேவாங்கை மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் பிடிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், உங்கள் கட்டுரை அவர்களுக்கு வழிகாட்டிப் பலகை ஆகிவிடும். செல்போனில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், அனுப்பும் முன் அதை நீக்குங்கள். பின்னால் தெரிகிற பாறையே ஊரைக் காட்டிக்கொடுத்தால் படத்தையே விடுங்கள். ராத்திரி பார்க்கப் போனால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள், அந்தப் பெரிய கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடிக்காதீர்கள். குன்று காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறவே கூடாது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு, மாட்டினால் எடிட்டர் வந்து நிற்கமாட்டார், அப்பாதான் வந்து நிற்பார்.

தேவாங்கு பற்றி எழுதியே ஆக வேண்டும் என்றால் இடம் ஊரறிந்த கடவூர் இருக்கிறதே. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. அறிவிப்பு வந்து இத்தனை வருடத்தில் சுற்றியுள்ள தோட்டக்காரர்களுக்கு என்ன மாறியது, வேலி மரங்கள் இருக்கின்றனவா, சாலையில் அடிபடுவது நின்றதா? இவை எல்லாமே கேட்கக்கூடிய கேள்விகள். பஸ் ஏறினால் ஒரு நாள் வேலை.

பணம். சும்மா தந்தால் போடுகிறேன் என்றவருக்கு ‘நன்றி சார், இப்போது முடியாது’ என்று பதில் போட்டுவிடுங்கள். விளம்பரம் வாங்கிப் பத்திரிகை நடத்துகிறவர் காகிதத்துக்கும் கரண்டுக்கும் காசு கொடுக்கிறார்தானே. எழுதும் முன்பே மூன்று விஷயம் மெயிலில் கேளுங்கள்: எவ்வளவு, எப்போது, பயணச் செலவு உண்டா. எனக்கு ஒரு இடத்தில் பணம் வரப் பதினான்கு மாதம் ஆனது, வந்தபோது எந்தக் கட்டுரைக்கு என்பதே மறந்துவிட்டது. டிடிஎஸ் என்று 10 சதவீதம் வருமான வரியை முன்கூட்டியே பிடித்தால் பயப்பட வேண்டாம், கணக்குத் தாக்கல் செய்தால் உங்கள் வருமானத்துக்குப் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். தமிழா ஆங்கிலமா என்றால் இரண்டும்தான், தயக்கமே வேண்டாம். சூழல் செய்திக்கென்றே இருக்கிற மொங்காபே இந்தியா போன்ற தளங்கள் வெளியாட்களிடம் கட்டுரை வாங்குகின்றன, எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் கட்டுரைக்கென நிதி தருகின்றன. ஆனால் கண்மாய்க்காரர் படிக்கிற மொழியில் வராத கட்டுரையை அவர் திருத்த முடியாது. என்னைத் திருத்திய நீர்ப்பாய்ச்சி தமிழில் படித்ததால்தான் கூப்பிட்டார்.

எடிட்டருக்கு அடுத்த தடவை கட்டுரையை அனுப்பாதீர்கள், ஐந்து வரி அனுப்புங்கள். உங்கள் வக்காவுக்கு நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: ‘மதுரையில் ஒரு கண்மாயின் கிழக்குக் கரையில் பகலில் அடையும் வக்காக்கள் நடைபாதை வேலைக்குப் பிறகு எதிர்க்கரைக்கு மாறியிருக்கின்றன. மூன்று மாதமாக வாரம் இருமுறை எண்ணியிருக்கிறேன், எண்ணிக்கை கையில் இருக்கிறது. விளக்குதான் காரணம் என்று பேசிக்கொள்கிறார்கள், ஆனால் இது இரவுப் பறவை, அதனால் கிளை வெட்டியதையும் ஆள் நடமாட்டத்தையும் பார்க்கிறேன். பணி ஆணை நகல் கேட்டிருக்கிறேன், இரண்டு பறவை ஆய்வாளர்களிடம் பேசியிருக்கிறேன். 1,200 சொல், படங்களுடன், இன்ன தேதிக்குள் தருகிறேன்.’ இதில் சூரியனும் இல்லை, தங்கமும் இல்லை. இதற்கு ‘செய்தி என்ன?’ என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கரைக்குத் தனியாகப் போகிறீர்கள் என்றால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போங்கள், நடக்கிற பெண்கள் கூட்டம் ஒன்றோடு சேர்ந்துகொள்ளுங்கள். வக்காவைவிட அவர்களுக்குத்தான் அந்தக் கரையில் நடந்ததெல்லாம் தெரியும். கிளை வெட்டின மாதம் தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.